பின்புறக் குழாயைச் சுத்தம் செய்த விவரம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எட்டு மாதக் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை, இரண்டு நாள் யோசனைக்குப் பிறகு, வீட்டின் பின்புறம் இருக்கும் இரும்புக் குழாயைக் கழுவிவிடுவது என்று தீர்மானித்தேன். அம்மா பல் வைத்தியரிடம் போயிருந்ததால் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. வியாழக்கிழமை மண் பரிசோதனைக்கு ஆள் வருவதாக இருந்தது, குழாயோ அழுகிய முட்டையாக நாறிக்கொண்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் டிரைகிளீனிங் கடை நடத்தியவன் வீட்டில் இப்படியா என்று, ஒரு வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து உள்ளே ஊற்றினேன். நாற்றம் உடனே நின்றது.

குழாய் எதற்கென்று மாப்பிள்ளைக்குத் தெரியாது, சொல்லிவிடு. கடை இந்த வீட்டின் முன்பக்கம் இருந்த காலத்தில், இயந்திரத்தில் மிஞ்சும், அழுக்கெடுக்கும் குளோரின் கரைப்பானைப் பின்புறத்தில்தான் கொட்டுவேன். மண் குடித்துவிடும் என்று நம்பினோம். அது குடிக்கவில்லை, பத்திரமாக வைத்திருந்தது. இப்போது ஆவியாக அறைகளுக்குள் ஏறுகிறது, கைக்குழந்தைக்கு ஆகாது. அதற்காகத்தான் மண்ணைச் சுத்தம் செய்யும் கம்பெனிக்காரர்கள் காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளைக் குழாய் வழியாக இறக்கி, சோயா எண்ணெயைத் தீனியாக விட்டிருந்தார்கள். அவை அந்த விஷத்திலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். இரண்டு வருஷமாக முணுமுணுக்காமல் கழற்றின. இந்த ஒரு பரிசோதனை தேறியிருந்தால் நீ குட்டியோடு வந்து ஆறு மாதம் இங்கே இருந்திருக்கலாம்.

பரிசோதனைக்கு வந்த பெண்ணுக்கு அம்மா வைத்திருக்கும் பெயர் கிருமி டீச்சர். அவள் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன சார் ஊத்துனீங்க?" என்றாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த நாத்தம் இருந்தாதான் சார் அதுங்க நல்லா இருக்குன்னு அர்த்தம். குளோரினைக் கழட்ட அதுங்கள விட்டா, பிளீச்சிங் பவுடர்னு குளோரினையே அதுங்க தலைல ஊத்திக் கொன்னுட்டீங்களே" என்றாள். புதிதாகக் கொஞ்சம் வாங்கிப் போடலாமே என்று கேட்டேன். அம்மாதான் அவளிடம், "முப்பத்தோரு வருஷம் ஊத்துனது போதாதுன்னு ஒரு வாளி பாக்கி வச்சிருந்தாரும்மா" என்றாள். அதற்குப் பிறகு அம்மா என்னோடு சாப்பாட்டு விஷயம் மட்டும்தான் பேசுகிறாள்.

பயணச்சீட்டை ரத்து செய்துவிடு. புதுக் கிருமி இறக்கி, அது பெருகி, மண் தேற இன்னும் இரண்டு வருஷமாம். குட்டியின் தடுப்பூசித் தேதியை மறக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: குட்டிக்கு வாங்கிய தொட்டிலை அடுத்த தெருத் தையற்காரர் மகளுக்குக் கொடுத்துவிட்டோம்.