எங்கள் வீட்டுக்கு வந்த பிடியரிசி

அன்புள்ள அக்கா,

நேற்றைய மழையில் நனைந்துபோன ஓலைப்பெட்டியை இன்று காலை முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தேன். சற்று நேரத்தில் ஈரப் பனையோலை வாசம் எழுந்தது. கை வேலையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இத்தனை காலமாகியும், அந்த வாசம் வந்தால் முதலில் என் முகம் சுடுகிறது. அழுகை அதற்குப் பிறகுதான்.

நம் மாதர் சங்கம் புதன்கிழமைதோறும் பிற்பகலில் வக்கீலம்மா வீட்டு மாடியில் கூடும். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, வாரம் சேர்ந்ததைக் கலயத்தில் கொண்டுவந்து நடுவிலிருக்கும் பெரிய பானையில் கொட்டுவோம். பிறகு அநாதைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்போம். ஆனித் தேருக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசுவோம். கடைசியில் வக்கீலம்மா, அந்த வாரத்து அரிசி எந்த வீட்டுக்கு என்று பெயர் சொல்லிக் கேட்பார். எல்லோரும் கை தூக்குவோம். அதை இந்த ஓலைப்பெட்டியில் அள்ளி இடுப்பில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் பொறுப்பு. ரயில் ஆபீஸ் உத்தியோகஸ்தர் மனைவி சுமை தூக்கலாமா என்று யாராவது கேட்டால், "உவரியில மீன்பெட்டி சுமந்த வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு பாரமா?" என்று சிரிப்பீர்கள். சில நாள் நானும் துணைக்கு வருவேன்.

ஜெர்மன் சண்டை தொடங்கிச் சரக்கு வரத்து நின்றதும் எங்கள் ஜவுளிக்கடை படுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் கொழும்புக்குக் கப்பலேறினார். முதலில் பணம் வந்தது. பிறகு கடிதம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. "அண்ணாச்சி ஒழுங்கா அனுப்புதாகளா?" என்று சங்கத்தில் கேட்பார்கள். "அனுப்புதாக" என்பேன். கடனில் போகும்வரை வயலும் வண்டியும் இருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறு சொல் வாயில் வரவில்லை. மகளுக்குக் கேப்பைக்கூழைக் கரைத்துக் கொடுத்துவிட்டு நான் தண்ணீரைக் குடித்துப் படுப்பேன். ஆனாலும் கிடைக்கும் அரிசியை அதற்கென்றே ஒதுக்கி, புதன்கிழமைக் கலயத்தை வெறுமையாகக் கொண்டுவந்ததில்லை.

ஒரு புதன்கிழமை பானையில் அரிசியைக் கொட்டும்போது கொஞ்சம் சிந்தியது. கூட வந்திருந்த என் மகள் குந்தியிருந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டு மென்றாள்.

"வெறும் அரிசியைத் திங்காத தாயி, சோகை வரும்" என்றார் வக்கீலம்மா.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப நம்ம வீட்டுல இதைச் சோறாக்கித் தாயேம்மா. ஏன் இங்கன கொண்டாந்து கொட்டுத?"

தைத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. வக்கீலம்மா நல்ல மனுஷி. நல்ல மனசோடுதான் சொன்னார்: "இந்த வாரத்து அரிசி இவ வீட்டுக்கே போகட்டும். என்ன சொல்லுதிய?" நான் உட்கார்ந்திருக்கும்போதே கைகள் உயர்ந்தன. உங்கள் கையும் உயர்ந்தது, அக்கா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்துவிட்டேன்.

சாயங்காலம் கதவைத் தட்டினீர்கள். இடைவெளி வழியே பார்த்தேன். இடுப்பில் பெட்டி. எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கதவைத் திறட்டி."

"போங்கக்கா. தெருவே பாக்குது."

பிறகு சந்து வழியே சுற்றிப் புறவாசலுக்கு வந்தீர்கள். அங்கே தாழ் போட எனக்குத் தோன்றவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றீர்கள்.

"என்னால தாங்க முடியலக்கா" என்றேன். "இதுக்கு ஆத்துல விழுந்திருக்கலாம்."

"நாம ரெண்டு பேரும் எத்தனை வாசல்ல இந்தப் பெட்டியோட நின்னுருக்கோம்? அங்கன உள்ளவுகளுக்கு வெட்கமே இல்லன்னா நெனச்ச?" என்றீர்கள். உடனே உங்கள் குரல் தாழ்ந்தது. "நானும்தான் நெனைக்கல. தெரு வழியா தூக்கிட்டு வாரேன், பாரு. எனக்குப் புத்தி இருக்கா?"

நான் அழுதேன். நீங்கள் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தீர்கள். "உங்க அடுப்படிக்கு நான் வரமாட்டேன். உங்க சாதி முறை எனக்குத் தெரியும். நீ போய் உலையை வை."

சோறு வடித்தேன். புறவாசலில் கிடந்த கீரையைக் கடைந்தேன். மகள் அள்ளி அள்ளித் தின்றாள். நான் எனக்கு இலை போட்டுக்கொள்ளவில்லை. அப்போதுதான் கேட்டீர்கள்: "எனக்கும் ஒரு வாய் போடு. காலையில தின்னதுதான்."

தானம் கொண்டுவந்தவருக்கு அந்தத் தானத்திலேயே இலை போட்டேன். நீங்கள் மறுசோறு வேறு கேட்டு வாங்கினீர்கள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடும்போது வீட்டுக்காரி சும்மா நிற்கமுடியுமா? நானும் உட்கார்ந்தேன். சாப்பிட்டபின் இலையை எடுத்துப் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தைக் கழுவ நீங்களே செம்பை எடுத்தீர்கள். அதைப் பிடுங்கிக்கொண்டேன். பசியைவிட அது எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை வரமாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்துப் போனீர்கள். வெறுங்கையோடு ஓரத்தில் உட்கார்ந்தேன். பெயர் சொல்லும் நேரம் வந்தபோது எழுந்தீர்கள்.

"இனிமே பேரைச் சொல்லிக் கை தூக்க வேண்டாம். போன வாரம் நானும் தூக்கினேன். ராத்திரி தூக்கம் வரல. எந்த வீடுன்னு நான் விசாரிச்சுக் கொடுத்துக்கிடுதேன்."

"யாருக்குப் போகுதுன்னே தெரியாம எப்படி?" என்றாள் ஒருத்தி.

"பசிச்ச வயித்துக்குப் போகுது. அது தெரிஞ்சாப் போதாதா?"

வக்கீலம்மா தையலை மடித்து வைத்தார். பிறகு "சரி" என்றார்.

என் வீட்டுக்காரர் இளைத்துக் கறுத்துத் திரும்பி வரும்வரை புறவாசலில் அரிசி வந்தது. ஒரு நாள்கூட நான் உங்கள் முகத்தைப் பார்த்து வாங்கியதில்லை. சண்டை முடிந்த வருஷத்து விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. உங்கள் வேலையைச் சங்கம் எனக்குக் கொடுத்தது. இன்றுவரை செய்கிறேன். சந்து இருக்கும் வீட்டில் சந்து வழியாகவே போகிறேன்.

மகள் இப்போது பிள்ளைக்காரி. போன மாதம் வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே, "உவரி அத்தை நம்ம முற்றத்துல இருந்து சாப்பிட்டாகளே, அன்னைக்கு மாதிரி சோறு அப்புறம் நான் தின்னதே இல்லம்மா" என்றாள். சிந்திய அரிசியோ, தான் கேட்ட கேள்வியோ, உயர்ந்த கைகளோ அவளுக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுக்கு அந்த ருசி மட்டும் இருக்கட்டும். வெட்கத்தை நான் வைத்திருக்கிறேன், அக்கா.