பார்க்காமல் போட்ட கட்டைவிரல்

என் அருமை அத்தைக்கு,

உங்கள் போனை மாமா இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறார். நியாலாஸ் தோட்டத்து வீட்டில், சாமி படத்துக்குக் கீழே, நீங்கள் வைத்த அதே இடத்தில். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் காலை வணக்கமெல்லாம் அதிலும் வந்து சத்தம் போடுகிறது. நிறுத்தி வைக்கலாமே என்றேன். "கெடக்கட்டும் லா, வீட்ல ஒரு சத்தம் வேணாமா?" என்கிறார்.

கோலாலம்பூரில் எனக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். "புதுசா கம்பெனி ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் போடுற எடம் அத்தை" என்பேன். "அப்ப கோட்டு போட்ட வட்டிக்காரின்னு சொல்லு" என்று சிரிப்பீர்கள்.

போன வாரம் மூன்று இளைஞர்கள் எங்களிடம் முதல் கேட்டு வந்தார்கள். தமிழிலும் மலாயிலும் உடல்நல வீடியோக்கள் காட்டும் ஒரு செயலி. நல்ல பிள்ளைகள்தான். யார் அதிகம் பார்க்கிறார்கள் என்று எங்கள் தலைவர் கேட்டார். "தோட்டத்துப் பக்கம் இருக்கற அம்மாமாருங்க சார். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா வரும். எழுந்திருக்கவே மாட்டாங்க" என்றான் ஒருவன், பெருமையாக. எல்லோரும் தலையாட்டினார்கள். போனும் கையுமாக நீங்கள் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு ஞாபகம் வந்தது.

அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நம் குழுவில் பெரியவர்கள் எது அனுப்பினாலும் பதில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் "படிச்ச திமிரு" என்று பேச்சு வரும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிடுவேன். திறந்து பார்த்ததில்லை.

அப்படித்தான் ஒரு நாள் நீங்கள் ஓர் இலைச்சாறு வீடியோ அனுப்பினீர்கள். குடித்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாமாம். கூடவே உங்கள் குரல்: "பாப்பா, நீ படிச்ச புள்ள. இது நல்லதான்னு பாத்துச் சொல்லு லா." நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். வீடியோவைப் பார்க்கவில்லை, குரலையும் அப்போது கேட்கவில்லை. கட்டைவிரல் போட்டேன்.

நீங்கள் விழுந்த பிறகுதான் மாமா சொன்னார். "ஏன் மாத்திரைய விட்டேன்னு அவகிட்ட கேட்டேன். பாப்பாவே ஓக்கே சொல்லிட்டா, ஒங்களுக்கு என்ன தெரியும்னுட்டா." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

நீங்கள் எங்களை விட்டுப் போனது அதனால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வீடியோவைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். கிளினிக்கில் காலை முழுக்க நம்பர் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளே போனால் வேகமாக நாலு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்தது சந்தையில் பேசும் பசார் மலாய், அவர்கள் பேசியது அது இல்லை. தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். வீடியோக்காரன் "அம்மா" என்று கூப்பிட்டு, பொறுமையாக, தமிழில் பேசினான். உங்களுக்கு நேரம் கொடுத்தது அவன் ஒருவன்தானே? நான் கொடுத்தேனா?

அந்த இளைஞர்களின் செயலியும் உங்களைப் போன்றவர்களுக்குத் தேவையானதுதான். ஆனால் அதில் பார்க்கலாம், மேலும் பார்க்கலாம், அவ்வளவுதான். "இது எனக்கு ஆகுமா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆள் வைத்தால் வேகமாக வளர முடியாது என்கிறார்கள்.

இன்று காலை தலைவர் அலுவலகக் குழுவில் எழுதினார்: "முதல் போட்டுவிடலாமா?" கீழே வரிசையாக நான்கு கட்டைவிரல்கள். என்னுடையது மட்டும் இல்லை.

விரலைக் கொண்டுபோனேன், எடுத்தேன். எழுந்து நடந்தேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். கடைசியில் எழுதினேன்: "எனக்குச் சம்மதம் இல்லை. பார்ப்பவர்கள் கேட்டால் அவர்கள் மொழியில் பதில் சொல்ல ஒரு நர்ஸாவது வேண்டும். காரணத்தை நாளை நேரில் சொல்கிறேன்."

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நாளை அந்த அறையில் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், நான் செய்ததையும் சேர்த்து. கேட்பார்களா? அதன் பிறகு அங்கே என் பேச்சுக்கு மதிப்பு இருக்குமா? தெரியவில்லை அத்தை.

அந்த நேரம் பார்த்து, முட்டிவலிக்கு ஏதோ எண்ணெய் என்று மாமா ஒரு வீடியோ அனுப்பினார். முழுதாகப் பார்த்துவிட்டு போன் செய்தேன். "என்ன பாப்பா, போனே அடிச்சிட்ட? யாருக்கு என்னாச்சு?" என்று பதறினார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல மாமா. நீங்க அனுப்பினத பாத்தேன். அதப் பத்திப் பேசத்தான்."

"இரு, நாற்காலிய இழுத்துப் போட்டுக்கறேன்" என்றார்.

இனி என்னிடம் யார் பார்த்துச் சொல்லச் சொன்னாலும், பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். நாளையிலிருந்து இல்லை, இன்றிலிருந்தே.

உங்கள் அண்ணன் மகள்,
பாப்பா