இடது சில்லுக்கால்

நோர்பரி, லண்டன்
22.10.1989

அன்புள்ள தம்பி பாலேந்திராவுக்கு,

யோகண்ணை எழுதுறன். நானும் வசந்தமலரும் சுகம். கனடாக் குளிர் பழகிற மட்டும் உமக்கும் சந்திரவதனாவுக்கும் வருத்தம் ஒண்டும் வந்திடக் கூடாதெண்டு வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்.

பெண்சாதியின்ரை சகோதரங்கள் எல்லாம் ரொறன்ரோவில எண்டால் நீர் போகத்தான் வேணும். அதுக்கு நான் குறை சொல்லேல்லை. ஆனால் கராஜைத் திறக்க மனம் வருகுதில்லை. ஆறு வருசமாய் நீர் மரம் சீவ, நான் இரும்பு ராவின இடம். இப்ப நான் ஒராளாய் நிண்டு பிளேனோடை கதைக்கிறன். வசந்தமலர் யன்னலாலை எட்டிப் பாத்து, "ஆரோடையப்பா கதை?" எண்டு கேக்கிறா.

கோயிலில சபாரத்தினத்தார் விடுகிறாரில்லை. "ஊரில இருந்து வந்தவன் எல்லாம் வீடு வாங்குறான். நீங்கள் இரண்டு பேரும் வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில ஓட்டின ரெட்டைச் செட்டைப் பிளேனைக் கராஜுக்குள்ள கட்டுறியள். அது நிலத்தை விட்டு எழும்புமோ யோகு?" எண்டு எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறார். எழும்பும் எண்டு சொன்னன்.

உம்மடை தம்பி குகதாசன் நல்ல உதவி. சனிக்கிழமையில ரெய்னர்ஸ் லேனிலயிருந்து ரெயின் மாறி மாறி வாறான். வாற வழியில மட்டன் ரோலும் வாங்கி வாறான். உம்மடை கை அவனுக்கு இல்லை, ஆனால் உம்மை விடப் பொறுமை கூட.

பேசினது பேசினதுதான். லைசென்ஸ் எடுத்தவன் நான் எண்டபடியால் பின்சீற்றில இருந்து ஓட்டுறது நான். முன்சீற்றில முதல் முதல் ஏறுற ஆள் நீர். அதுவரைக்கும் அதில ஒருத்தரும் ஏறாயினம்.

உம்மடை கடிதத்துக்குக் காத்திருக்கிற
யோகண்ணை

*

ஸ்காபரோ, ரொறன்ரோ
3.12.1989

அன்பு நிறைந்த யோகண்ணைக்கு,

உங்கடை கடிதத்தைச் சந்திரவதனாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "நீங்கள் இங்கை வந்தும் நோர்பரியிலதான் இருக்கிறியள்" எண்டு சொன்னா. உண்மைதான். இங்கை படம் கீறுற வேலை ஒண்டு கிடைச்சிருக்கு. காலமையில பஸ்ஸுக்கு நிக்கேக்கை மூக்கு இருக்கோ எண்டு தொட்டுப் பாக்க வேண்டிக் கிடக்கு. மற்றபடி குறையில்லை.

ஒரு விசயம் மனதை அரிக்குது. நேர எழுதுறன், கோவிக்காதையுங்கோ. பிளேனின்ரை இடது சில்லுக்கால் உடம்போடை பொருந்திற அந்த மரப்பெட்டி. நாங்கள் அதை ஒட்டின கிழமை கராஜ் ஹீற்றர் பழுதாய்க் கிடந்தது. குளிரில அந்த ஒட்டு பிடிக்காது. வெளியாலை பாக்க வடிவாய்த்தான் இருக்கு. வலது பக்கத்தைத் தட்டிப்போட்டு இடது பக்கத்தைத் தட்டிப் பாருங்கோ, சத்தம் வேறை. போக முதல் நானே கழட்டிச் செய்திருப்பன், வீசா அவசரத்திலை நேரம் கிடைக்கேல்லை.

அதைக் கழட்டிப் புதுசாய்ச் செய்யுங்கோ அண்ணை. ஒராள் ஏறி இறங்கினால் தாங்கும். இரண்டு பேரின்ரை பாரத்தோடை நிலத்தில குத்தினால் தாங்குமெண்டு நான் சொல்லமாட்டன்.

வாற ஆவணியில லீவு கேட்டிருக்கிறன். முன்சீற்றுக்கு நான் வாறன்.

வசந்தமலரக்காவின்ரை சுகத்தையும் கேட்டதாய்ச் சொல்லுங்கோ. குகனை அடிக்கடி கடிதம் போடச் சொல்லுங்கோ.

என்றும் உங்கள்
பாலேந்திரா

*

நோர்பரி
18.2.1990

அன்புத் தம்பி பாலேந்திரா,

உம்மடை கடிதம் கண்டு கன நாள். பதில் பிந்திப் போச்சு, மன்னியும். பஸ் டிப்போவில ஆள் பற்றாக்குறை, ஷிப்டுக்கு மேலை ஷிப்ட்.

நீர் பயந்த இடது கால் பெட்டியைக் கழட்டி, புதுக்கட்டை வைச்சு, ஹீற்றரைப் பக்கத்தில வைச்சு ஒட்டியாச்சு. எங்கடை இன்ஸ்பெக்டர் பீற்றரும் வந்து பாத்தவர். வீட்டில பிளேன் கட்டுறவையைப் பாத்துப் பாத்து அந்த மனிசனுக்கு வாயில ஒரு நல்ல சொல்லு வராது, தெரியும்தானே. இந்த முறை தலையை ஆட்டிப்போட்டுப் போனார். நீர் இனி அதை நினைச்சு நித்திரை முழிக்க வேண்டாம்.

வசந்தமலர் பிளேனைப் போத்துற துணி தைச்சு முடிச்சிட்டா. அதுக்கு மேலை பூசுற மருந்து மணம் வீடு முழுக்க. சோத்திலயும் அதுதான் மணக்குது. கோடைக்குச் சறேயில உள்ள ஓடுதளத்துக்குக் கொண்டு போறம்.

அன்புடன்
யோகண்ணை

*

நோர்பரி
5.8.1990

அன்புத் தம்பி,

இந்தக் கடிதம் உமக்குக் கவலைதான் தரும், இருந்தாலும் எழுதத்தான் வேணும்.

குகன் வேலை செய்யிற ஸ்ரோரில ஏணியால தவறி விழுந்திட்டான். இடுப்பு எலும்பு முறிவு, துடையிலயும் வெடிப்பு. ஒப்பரேஷன் நல்லாய் முடிஞ்சுது. உயிருக்கு ஒண்டுமில்லை. நானும் வசந்தமலரும் மாறி மாறிப் போய்ப் பாக்கிறம். சாப்பாடு வீட்டிலயிருந்துதான் போகுது. நீர் ஓடி வரவேண்டாம். வந்தாலும் கட்டிலுக்குப் பக்கத்தில இருக்கிறதைத் தவிர ஒண்டும் செய்ய ஏலாது, அதுக்கு நாங்கள் இருக்கிறம்.

பறக்க அனுமதி இன்னும் வரேல்லை. ஆனபடியால் ஆவணிப் பயணத்தை அடுத்த வருசத்துக்கு மாத்தினால் நல்லது.

இன்னொரு கரைச்சல். புறொப்பெல்லர் ஈரத்தில வெடிச்சுப் போச்சு, பாவிக்க ஏலாது. உம்மடை கையால ஒண்டு செதுக்கித் தர ஏலுமோ? கடையில வாங்கலாம், ஆனால் உம்மடை மரம் முன்னுக்குச் சுத்தினால்தான் அது எங்கடை பிளேன்.

அன்புடன்
யோகண்ணை

*

ஸ்காபரோ
11.11.1990

அன்பு நிறைந்த யோகண்ணைக்கு,

குகனோடை டெலிபோனில கதைச்சன். முந்தி வாய் ஓயாமல் கதைக்கிறவன், இப்ப ஓம், இல்லை எண்டதோடை நிப்பாட்டுறான். நோவாக்கும் எண்டு நானும் தோண்டேல்லை. வேலை முடிச்சு எவ்வளவு களைச்சாலும் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடேல்லையாம். அவனைத் தூக்கி இருத்தி முகம் வழிச்சு விட்டனீங்களாம். அதைக் கேட்டுப்போட்டு நான் குளியலறைக்குள்ள போய் அழுதன். கூடப் பிறந்தவன் செய்யவேண்டியதை நீங்கள் செய்யிறியள். இந்தக் கடனை எப்பிடித் தீர்க்கிறதெண்டு தெரியேல்லை.

புறொப்பெல்லர் வேலை துவங்கிட்டன். நிலவறையில மேசை போட்டிருக்கிறன். பலகைகளை ஒண்டுக்கு மேலை ஒண்டு ஒட்டி, ஒரு கிழமை அமத்தி வைச்சு, இப்ப சீவுறன். சந்திரவதனா சீவல் கூட்டி அலுத்துப் போனா. இரண்டு பக்கமும் ஒரே பாரமாய் வாற மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் எடுக்கவேணும். இதைச் செய்யேக்கை மட்டும்தான் குகன்ரை நினைப்பு என்னை விடுது.

ஆணி ஓட்டைகளின்ரை அளவு எழுத மறந்திட்டியள். அனுப்பிவிடுங்கோ.

என்றும் நன்றியுள்ள
பாலேந்திரா

*

ஸ்காபரோ
9.3.1991

யோகண்ணைக்கு,

ஆணி ஓட்டை அளவு உங்களிட்டையிருந்து வரேல்லை. அதாலை நேற்று பீற்றருக்கு டெலிபோன் எடுத்தன்.

மனிசன் அளவு சொன்னார். சொல்லிப்போட்டு, "உன் தம்பி இப்போது தடியில்லாமல் நடக்கிறானா?" எண்டு கேட்டார். ஸ்ரோரில விழுந்தது இவருக்கும் தெரியுமாக்கும் எண்டு நினைச்சு, "கொஞ்சம் பரவாயில்லை" எண்டன். "அன்றைக்கு அவனை முன்சீற்றிலிருந்து வெட்டித்தான் எடுத்தோம். நான் அதை மறக்கமாட்டேன்" எண்டார்.

"எந்த முன்சீற்?" எண்டன். "உனக்குத் தெரியாதா?" எண்டு அவர் கேட்டார்.

பிறகு எல்லாத்தையும் கேட்டன். அனுமதி வைகாசியிலயே வந்தது. முதல் பறப்புகளைப் பீற்றரே தனிய ஓட்டிப் பாத்துச் சரியெண்டவர். ஆடி மாதம் நீங்கள் குகனை ஏத்திக்கொண்டு போய் இறங்கேக்கை இடது சில்லுக்கால் பெட்டியோடை கழண்டு, பிளேன் மூக்கில குத்திப் பிரண்டது. புறொப்பெல்லர் ஈரத்தில வெடிக்கேல்லை, நிலத்தில அடிபட்டுத் தெறிச்சது. உங்களுக்கு நாடியில ஒரு கீறல்.

பீற்றர் அந்தப் பெட்டியைக் கையில எடுத்துப் பாத்தவராம். பழைய கட்டை. பழைய ஒட்டு. புதுசாய்ச் செய்ததெண்டு நீங்கள் அவருக்கும் சொன்னதாய்ச் சொன்னார். வெளியாலை பாத்து நம்பினதுக்கு அவர் என்னட்டை மன்னிப்புக் கேட்டார். நீங்கள் கேட்டதாய் எனக்கு ஞாபகமில்லை.

நான் ஒரு கடிதத்தில உங்களுக்கு எழுதினன், இரண்டு பேரை அது தாங்காதெண்டு. அதை வாசிச்ச பிறகுதானே என்ரை தம்பியை அதில ஏத்தினியள்?

புறொப்பெல்லர் முடிஞ்சு கிடக்கு. அது வராது.

பாலேந்திரா

*

நோர்பரி
24.3.1991

அன்புத் தம்பி பாலேந்திரா,

உம்மடை கடிதத்தை வசந்தமலர்தான் முதல் உடைச்சவ. அண்டு முழுக்க அடுப்பு மூட்டேல்லை.

நீர் என்னைக் கொலைகாரன் மாதிரி எழுதியிருக்கிறீர். நடந்ததைக் கேளும். உம்மடை கடிதம் வரேக்கை அடிப்பக்கத் துணி தைச்சு முடிஞ்சுது. பெட்டியைக் கழட்டுறதெண்டால் அவ்வளவையும் கிழிக்கவேணும். நான் தட்டிப் பாத்தன். என்ரை காதுக்கு இரண்டு பக்கமும் ஒண்டாய்த்தான் கேட்டுது. உமக்கு எப்பவும் பயம் கூட, அதுவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். நிம்மதியாய் இருக்கட்டும் எண்டு செய்ததாய் எழுதினன்.

ஒண்டை நீரும் யோசியும். நீர் வீசா கிடைச்ச உடனை போனனீர். அந்த மாரி முழுக்கக் கை விறைக்க விறைக்க வேலை செய்தது நானும் குகனும். அண்டைக்கு நல்ல வெயில். "ஒரு சுத்து அண்ணை, ஒரேயொரு சுத்து" எண்டு அவன்தான் கேட்டான். அவனைப் பாத்து, அது உன்ரை அண்ணன்ரை சீற் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

மறைச்சதும் உமக்காகத்தான். நீர் அங்கை கிடந்து வேகுவீர் எண்டு தெரியும். "அண்ணைக்குச் சொல்லிப்போடாதையுங்கோ" எண்டு குகன்தான் ஆஸ்பத்திரியில வைச்சு என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவன். அவன்ரை சொல்லைத் தட்ட ஏலுமோ?

பிளேனைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறன். இந்த முறை ஒவ்வொரு ஒட்டும் பீற்றருக்கு முன்னாலை. புறொப்பெல்லரை வேறை இடத்தில எடுக்கிறன். ஆவணிக்குள்ள முடியும். வாரும் தம்பி. முன்சீற் உம்மடைதான். வந்து என்னை ஏசும், அடியும், ஆனால் வாரும்.

என்றும் உம்மடை
யோகண்ணை

*

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
17.8.1991

திரு. யோகராஜா அவர்களுக்கு,

நான் லண்டன் வந்து ஒரு கிழமைக்கு மேலை. குகன் வீட்டில நிக்கிறன். நோர்பரிக்கு வரப் பாதை தெரியாமலில்லை. வர மனம் இல்லாதபடியால் ஸ்ராம்ப் ஒட்டி அனுப்புறன்.

குகன் நடக்கிறதைப் பாத்தன். படி இறங்கேக்கை ஒரு காலை முதல் வைச்சு, மற்றதை இழுத்து அதுக்குப் பக்கத்தில வைக்கிறான். நான் பாக்கிறதைக் கண்டால் சிரிக்கிறான். அந்த ஸ்ரோர் வேலை இனிச் செய்ய ஏலாது.

இரண்டாம் நாள் கேட்டன், "நீயும் ஏன்ரா எனக்குப் பொய் சொன்னனீ?" எண்டு.

"கண் முழிக்கேக்கை பக்கத்தில இருந்தது யோகண்ணை" எண்டான். "அவர் அழுதுகொண்டு கேட்டவர், பாலாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, அவன் என்னை விட்டிடுவான் எண்டு. நான் ஓம் எண்டன்."

"நீ அவரிட்டைக் கேட்டதாய் எனக்கு எழுதினவர்."

குகன் நிலத்தைப் பாத்தான். "அப்பிடியோ எழுதினவர்?" எண்டு மட்டும் கேட்டான். அதுக்குப் பிறகு அண்டைக்கு அவன் சாப்பிடேல்லை.

நீங்கள் மறைச்சதுக்கு ஒரு சாட்டு இருந்தது. அதை வைச்சுக்கொண்டு எண்டாலும் உங்களை நினைக்கலாம் எண்டிருந்தன். அதுவும் படுத்துக் கிடக்கிற பெடியன்ரை தலையில கட்டினது.

நீங்கள் டிப்போவில நிக்கிற நாளாய்ப் பாத்துப் பீற்றரோடை ஓடுதளத்துக்குப் போனன். பிளேனுக்குக் கீழை படுத்து, லைற் அடிச்சு, இடது பெட்டியைக் கன நேரம் பாத்தன். உண்மையைச் சொல்லுறன், பிழை கண்டுபிடிக்கத்தான் பாத்தன். பிழை இல்லை. நான் செய்திருந்தாலும் அதை விடத் திறமாய்ச் செய்திருக்கமாட்டன். துணியை அளவாய் வெட்டித் திறந்து, பெட்டியை மாத்தி, திரும்பத் தைச்சிருக்கிறியள். முழுத் துணியும் கிழிக்கத் தேவைப்படேல்லை. இரண்டு பின்னேர வேலை எண்டு பீற்றர் சொன்னார். இரண்டு பின்னேரம். உங்களுக்குச் செய்யத் தெரியாமல் போயிருந்தால் நான் மன்னிச்சிருப்பன்.

பீற்றர், "மேலே போய்ப் பார்ப்போமா?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். அவர் பின்னுக்கிருந்து ஓட்டினார். நல்லாய்ப் பறக்குது. காத்து முகத்தில அறைய, கீழை வயல்வெளியும் வீடுகளும். கட்டின ஆறு வருசமும் நான் எப்பிடி நினைச்சு வைச்சிருந்தனோ அப்பிடியேதான் இருந்தது. இறங்கேக்கை மட்டும் இடது பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டிருந்தன். சில்லு நிலத்தில பட்டுது. ஒண்டும் நடக்கேல்லை. இறங்கி நிண்டபோது எனக்குச் சந்தோசமும் இல்லை, ஒண்டும் இல்லை.

பிளேனில என்ரை பாதியைக் குகன்ரை பேருக்கு மாத்தச் சொல்லிப் பீற்றரிட்டைக் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன். குகன் உங்களிட்டை வருவான். வாற சனிக்கிழமையே வருவான் எண்டு நினைக்கிறன், இப்பவே வேலைச் சாமான் பெட்டியைத் துடைச்சு வைச்சிருக்கிறான். நான் மறிக்கேல்லை. விழுந்தவன் அவன், மன்னிக்கிறதும் விடுறதும் அவன்ரை விருப்பம். ஆனால் அவன் மன்னிச்சிட்டான் எண்டதை என்னட்டை வாறதுக்கு வழியாய் எடுக்காதையுங்கோ.

வசந்தமலரக்காவோடை எனக்கு ஒரு கோபமும் இல்லை. சந்திரவதனா அவவுக்கு எழுதுவா.

வியாழக்கிழமை நான் திரும்பிப் போறன். எயாப்போட்டுக்கு வரவேண்டாம். உங்கடை கையெழுத்தில கடிதம் வந்தால் உடைக்காமல் திருப்பி அனுப்புவன்.

க. பாலேந்திரா