மஞ்சள் உறைப் படம்

ஜின்ஜா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் நமுகோசேக்கு, மாமா முகோயா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். லண்டன் குளிரில் நீயும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும்.

நடந்தது அத்தனையும் நான் முன்னமே சொன்னதுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று உன் அம்மாவிடம், "எஸ்தேரி அக்கா, இந்த மழைக்கு இடி உன் கம்ப்யூட்டரைத்தான் தேடி வரும், பேக்கப் எடுத்து வச்சிரு" என்றேன். "நீயே எடுடா, பெரிய இன்ஜினியரு! எம்பொண்ணு கடுதாசி ஒண்ணு விடாம எடு" என்றாள். எடுத்தேன். கம்பாலாவில் படித்தவனுக்கு ஒரு நாளாகிற வேலை, எனக்கு ஐந்து நிமிடம்.

அவளை அடக்கம் செய்த மறுவாரம் இடி விழுந்தது. பலாமரம் இரண்டாய்ப் பிளந்தது, பன்னிரண்டு கோழிகள் போயின, கம்ப்யூட்டர் கரிக்கட்டை. நான் கலங்கவில்லை. பென் டிரைவோடு ரிப்பேர்க்காரன் கிருண்டாவிடம் போனேன். சொருகிப் பார்த்தவன், "பெரியவரே, இதுல கடுதாசி எங்க இருக்கு? திரையில இருந்த மஞ்சள் உறைப் படத்தை மட்டும் இழுத்துப் போட்டிருக்கீங்க. வாசல் பேர்ப்பலகையக் கழட்டிட்டு வந்து வீட்டையே கொண்டாந்தேங்கிறீங்களே!" என்றான். வாசலில் நின்ற பைக் டாக்சிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எரிந்த டிஸ்கையும் மூன்று நாள் வைத்துப் பார்த்தான். ஒன்றும் மீளவில்லை. நீயும் அம்மாவும் எழுதிக்கொண்ட ஆறு வருடக் கடிதங்கள் அத்தனையும் போயிற்று.

அப்பா அடக்கத்துக்கு நீ வராததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாயே, அதற்கு அம்மா எழுதி அனுப்பாமல் வைத்திருந்த பதிலை அனுப்பச் சொல்கிறாய். அவள் அடக்கத்தன்று போனில் நான் படித்துக் காட்டியது: "கோபமெல்லாம் போயிடுச்சு மகளே, புள்ளையத் தூக்கிட்டு வா."

பதில் ஒன்று இருந்தது, அது சத்தியம். அடக்கத்தன்று காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, அனுப்பாத கடிதங்களுக்குள் உன் பெயரைப் பார்த்தேன். திறக்குமுன் கரண்ட் போய்விட்டது. ஒரு வாரம் வரவேயில்லை. வந்த அன்றே இடியும் வந்தது. பேக்கப் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

நீ போனில் அழுதுகொண்டே, "என்ன எழுதியிருக்காங்க மாமா?" என்று கேட்டாய். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அவள் உள்ளே என்ன எழுதியிருந்தாளோ, தெரியாது. "வா" என்றது நான்தான். ஆனாலும் வா.

உன் மாமா,
முகோயா