கவிழ்த்துவிட்ட சீட்டு

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் போன் அணைந்தே கிடப்பதால் எழுதுகிறேன். திருப்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். போர்வையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டீர்கள். பாப்பா நன்றாக இருக்கிறாள். என் போன் அடித்தால் அவள்தான் முதலில் ஓடுகிறாள்.

போனில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடும்போது நான் திட்டினால் சிரிப்பீர்களே: "இது அதிர்ஷ்டம் இல்லடி, திறமை. கைக்கு வந்த சீட்டு சரியில்லன்னா கவுத்துட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிடணும்."

ஆற்றுத் தண்ணீரை நம்பாமல் புழுதியிலேயே விதைத்துவிட்டு, மழைக்கு வானத்தைப் பார்த்து நின்றீர்கள். அதைத்தான் அதிர்ஷ்டம் என்றீர்கள். மழை வரவில்லை. "விதை செத்துப்போச்சு. இதையும் கவுத்துடலாம்" என்று வயலைப் பக்கத்து வயல் தியாகராசன் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு மறுபடியும் போனை எடுத்தீர்கள்.

அதுவும் போய், நீங்கள் திருப்பூருக்கு பஸ் ஏறிய வாரமே மழை பிடித்துக்கொண்டது. விதை சாகவில்லை. வரப்புத் தெரியாமல் பயிர் நிற்கிறது. இவ்வளவு சீராகத் தெளிக்க இந்தப் பக்கம் வேறு ஆள் கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னால்தான் அதைக் கேட்க முடியவில்லை.

புழுதியில் விதைத்தது இல்லையா, களை அதிகம். நேற்று பெண்களோடு நானும் அங்கே களையெடுக்கப் போனேன். மத்தியானம் வரப்பில் நின்று அண்ணன் எல்லோருக்கும் கூலி கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போர்வையைப் பார்சலில் அனுப்புகிறேன்.

உங்கள் பாப்பாவின் அம்மா