மாதுளையை விட்டுப்போன அணில்

தெல்லிப்பழை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் டிலக்ஷனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நான் சுகம், நீயும் மருமகள் தனுசியாவும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று இன்றைக்கும் ஜெபித்தேன். போனில் நீ எப்போதும் அவசரத்தில் நிற்கிறாய், "சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ" என்று கேட்டு முடியவே உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். பிரஷர் பரவாயில்லை, கிளினிக்குக்கு ஒழுங்காய்ப் போகிறேன்.

அப்பா போன பிறகு காலையில் குசினி யன்னலடியில் தேத்தண்ணியோடு இருந்து பின்வளவைப் பார்ப்பதுதான் என் பொழுது. புலுனிகள் கூட்டமாய் வந்து சருகு கிளறும், ஒன்று பறந்தால் மற்றதெல்லாம் பின்னால் போகும், அதுகளுக்குத் தனியாய் இருக்கத் தெரியாது. மாதுளையில் ஓர் அணில் கூடு கட்டியது. வீட்டில் ஆம்பிளை இருக்கிறதென்று வழியால் போகிறவர்கள் நினைக்கட்டும் என்று அப்பாவின் சாரமொன்றை உடுப்புக் கொடியில் விட்டிருக்கிறேன், அணில் அதில் தொங்கித் தொங்கி நூல் உருவிக்கொண்டு போகும். நான் கலைக்கவில்லை. பிறகு கூட்டுக்குள் குஞ்சுகள் கீச்சிடுவது கேட்டது, எனக்கு வீட்டுக்கு ஆட்கள் வந்தது போல இருந்தது.

போன வியாழக்கிழமை புலுனிகள் ஒரேயடியாய்க் கத்தின. எட்டிப் பார்த்தால் ஒரு சாரைப்பாம்பு மாதுளையில் ஏறுகிறது. தாய் அணில் வாலை அடித்து அடித்துக் கத்துகிறது, ஆனால் ஓடவில்லை, பாம்பின் முகத்துக்கு நேரே போய்ப் போய்த் திரும்புகிறது. நான் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு செருப்பும் இல்லாமல் ஓடிப்போய்க் கொப்பில் அடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெர்னடெட், "அக்கா, கிட்டப் போகாதேங்கோ, விழுந்து கிழுந்து போனியளெண்டா ஆர் உங்களைத் தூக்கிறது" என்று சத்தம் போட்டாள். பாம்பு பொத்தென்று விழுந்து கிணற்றடிப் பக்கம் ஓடிவிட்டது. நான் அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன்.

இனிப் பயமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த அணில் ஒரு குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு வேலியால் ஓடிப் பெர்னடெட்டின் தென்னையில் ஏறியது. திரும்பி வந்து மற்றதையும் கொண்டுபோனது. எனக்கு முதலில் கோபம் வந்தது மகன், இவ்வளவு செய்தேனே என்று. பிறகு விளங்கியது. பாம்பு வந்துபோன மரத்தில் எந்தத் தாய் பிள்ளையை வைத்திருப்பாள்? சண்டை நேரம் உன்னையும் நாங்கள் அப்படித்தானே வெளிநாட்டுக்கு அனுப்பினோம், அதில் எனக்கு இன்றைக்கும் மனவருத்தம் இல்லை. ஆனால் அணில் இன்னொருதரமும் வந்தது. கூட்டுக்குள் ஒன்றும் இல்லை, தலையை விட்டுப் பார்த்தது, வெளியே எடுத்தது, திரும்பவும் விட்டுப் பார்த்தது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோதும் அவசரமாய்ப் போனாய், நான் மறிக்கவில்லை. பிள்ளைக்குப் பாரமாய் இருக்கக்கூடாதென்று ஒருநாளும் உன்னை வா என்று கேட்டதில்லை. இந்தமுறை கேட்கிறேன். டிசம்பரில் நத்தாருக்கு வா. தனுசியாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ தனியவென்றாலும் வா. வந்து கொஞ்ச நாள் என்னோடு சும்மா இரு, அது போதும்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. கர்த்தர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பார். இதைப் படித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் போனில் சொல்லாதே ராசா, டிக்கெட்டை எடுத்துவிட்டுச் சொல்.

உன்னைப் பார்க்க ஆசையாயிருக்கும்
அம்மா,
தேவமலர்