கண் தெரியாதவரின் இடது கை

அன்புள்ளவருக்கு,

ரோட்டர்டாமில் குளிர் எப்படி? உங்கள் கம்பளிச் சட்டை இங்கே ஆணியில்தான் தொங்குகிறது. அனுப்பலாமா என்று மடித்தேன், பிறகு மாட்டிவிட்டேன்.

ஞாயிறன்று கோவிலில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் எடுக்கும் நாள். நம் சபைதான் தெரியுமே: கோவில் நிறைய ஆள், மேசையில் ஏழெட்டுப் பேர். தேவன் தங்களைத் தெரிந்தெடுத்து அழைத்துவிட்டார் என்ற நிச்சயம் உள்ளவர்கள் மட்டும் அங்கே உட்காருவார்கள். மற்றவர்கள் பெஞ்சில் பெப்பர்மிண்ட் சப்பிக்கொண்டு ஆயுசு முழுக்க அந்த அழைப்புக்குக் காத்திருப்போம். உங்களுக்கு அது வரவே வராது என்றுதானே நீங்கள் பெஞ்சையும் ஊரையும் விட்டுப் போனீர்கள்.

கண் தெரியாத கொர்னேலிஸ் பெரியவரை மேசைவரை நான்தான் கூட்டிப்போனேன். உட்கார்ந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.

"விடுங்க பெரியவரே, எல்லாரும் பாக்குறாங்க."

"யாரு? எனக்கு ஒருத்தரும் தெரியலயே. உட்காரு."

"எனக்கு இன்னும் அழைப்பே வரல!"

"அப்ப இது என்னவாம்?" என்று கையை இன்னும் இறுக்கினார்.

அதற்குள் போதகர் அப்பத்தட்டோடு வந்துவிட்டார். உட்கார்ந்தேன், சாப்பிட்டேன். வாசலில் உங்கள் அக்கா மார்டினா மறித்துக்கொண்டாள். "உன்னை யாருடி கூப்பிட்டா?"

அதைத்தான் நானும் யோசிக்கிறேன். கையை உதறியிருக்கலாம், உதறவில்லை. அது என் விருப்பமா, உலகம் உண்டாகுமுன்னே தேவன் குறித்ததா? இனி கடைசிவரை நான் பிடித்திருக்க வேண்டுமா, அல்லது பிடித்திருப்பது என் வேலையே இல்லையா? மாவு பிசையும்போதெல்லாம் இதே கேள்வி. பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம்.

அடுத்த திருவிருந்து வசந்தத்தில். கொர்னேலிஸ் என்னை வலது கையால்தான் பிடிக்கிறார். இடது கை சும்மாதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி